ஸ்கிரீனில் ஒன்று, கையில் வேறொன்று: ஓவியத்தை அச்சிடும்போது வரும் கோளாறுகளும் அவற்றைச் சரிசெய்யும் வழிகளும்

பார்சலைப் பிரித்ததும் மனசு சட்டென்று சுருங்கிப்போகும் ஒரு நிமிடம் இருக்கிறது. சொந்தமாகப் படம் வரைந்து, அதைப் போஸ்டராகவும் டி-ஷர்ட்டாகவும் துணிப்பையாகவும் அச்சிட்டு விற்கிற எல்லோருக்கும் அது தெரியும். மூன்று வாரம் கண்விழித்து வரைந்த படம், சாயம் போன சேலை மாதிரி எதிரே கிடக்கும். உடனே அச்சகத்துக்கு ஃபோன் போட்டுச் சத்தம் போடத் தோன்றும்.

கொஞ்சம் பொறுங்கள். கோளாறு நான்கு இடங்களில் பிறக்கலாம்: படத்தை ஸ்கேன் செய்தபோது, நீங்கள் அனுப்பிய ஃபைலில், மெஷினில், அல்லது அச்சேறிய துணியிலோ தாளிலோ. எங்கே பிறந்தது என்று தெரியாமல் திரும்ப அடிக்கச் சொன்னால் காசு போகும், அதே கோளாறு மறுபடியும் வரும். என் அனுபவத்தில் பாதிக்கு மேல் ஃபைலிலேயே பிறந்தவைதான்.

ஆராய உட்காரும்போது மூன்று விஷயம் வேண்டும். கெட்டுப்போன பிரதி. அச்சகத்துக்கு அனுப்பிய அதே ஃபைல்; உங்களிடம் இருக்கும் மூலக் கோப்பைப் பார்த்தால் போதாது, மெயிலில் போனதைத் திரும்ப இறக்கிப் பாருங்கள். அப்புறம் பகல் வெளிச்சம் வரும் ஜன்னல். ட்யூப்லைட்டின் கீழே நிறத்தைப் பற்றி எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

நீலம் கத்தரிப்பூ நிறமாகிவிட்டது, கிளிப்பச்சை செத்துப்போனது

எல்லோரும் முதலில் மாட்டிக்கொள்வது இதில்தான். தனுஷ்கோடிக் கடலை ஐபேடில் வரைந்து 40 போஸ்டர் அடித்தேன். கடலின் ஆழம் வரவேண்டிய இடத்தில் பளிச்சென்று கத்தரிப்பூ நிறம். மேலே வானம் மட்டும் சரியாக இருந்தது. மை தீர்ந்துபோயிருக்கும் என்றுதான் நினைத்தேன். மையில் ஒரு குறையும் இல்லை.

ஸ்கிரீன் ஒளியால் நிறம் காட்டுகிறது: சிவப்பு, பச்சை, நீலம். தாளில் இருப்பது மை: சயான், மஜென்டா, மஞ்சள், கறுப்பு. ஒளியால் காட்ட முடிகிற சில நிறங்களை இந்த நான்கு மையால் எட்டவே முடியாது. அடர்ந்த நீலம் சயானும் மஜென்டாவும் சேர்ந்து வருவது. இரண்டும் ஏறக்குறைய சமமாகப் போனால் அது ஊதாப் பக்கம் சாய்ந்துவிடும். என் கடலில் சயான் 100 சதவீதமும் மஜென்டா 96 சதவீதமும் இருந்தது. வானத்தில் மஜென்டா குறைவு, அதனால் அது தப்பித்தது.

ஃபோட்டோஷாப்பில் ஃபைலைத் திறந்து ப்ரூஃப் கலர்ஸ் போட்டுப் பாருங்கள். கன்ட்ரோலும் ஒய்-யும் சேர்த்து அழுத்தினால் போதும். இலவசமாகக் கிடைக்கும் கிரிட்டாவிலும் இதே வசதி உண்டு. அச்சில் என்ன வருமென்று ஓரளவுக்கு அப்படியே தெரியும். நீலமாக வரவேண்டிய இடங்களில் மஜென்டாவை சயானைவிட 30 புள்ளியாவது கீழே வையுங்கள். நான் 100-க்கு 65 என்று இறக்கினேன், கடல் கடலாக வந்தது.

கிளிப்பச்சை, ராணி பிங்க், நியான் ஆரஞ்சு ஆகியவற்றுக்கு இந்த வைத்தியமும் பலிக்காது. நான்கு மை அச்சில் அவை கிடையாது, அவ்வளவுதான். ஆனால் டி-ஷர்ட்டில் ஸ்கிரீன் பிரிண்டிங் (வலைத்துணி வழியாக மையை அழுத்தும் முறை) செய்தால், ராணி பிங்க்கைத் தனி மையாகவே டப்பாவிலிருந்து எடுத்துப் போடலாம். ஃப்ளோரசன்ட் மையும் கிடைக்கும். போஸ்டரில் செத்துப்போகிற படம் சட்டையில் உயிரோடு வருவது இதனால்தான். எந்தப் படத்தை எந்தப் பொருளில் போடுவது என்று முடிவெடுக்கும்போதே இதை யோசித்துவிட்டால் பாதி வருத்தம் மிச்சம்.

இன்னொரு விஷயம். "எல்லாவற்றையும் சிஎம்ஒய்கே-வாக மாற்றி அனுப்பு" என்று ஒரு பொதுப்புத்தி உலவுகிறது. சயான், மஜென்டா, மஞ்சள், கறுப்பு என்ற அந்த நான்கு மைக்குத்தான் சிஎம்ஒய்கே என்று பெயர். பிளேட் செய்து மொத்தமாக அடிக்கும் ஆஃப்செட்டுக்கு அது சரி. ஆனால் எட்டு, பத்து மை கொண்ட பெரிய இன்க்ஜெட்டில் ஓவியப் பிரதி எடுக்கும் ஸ்டூடியோவுக்கு அப்படி அனுப்பினால், அந்த மெஷினால் எட்ட முடிகிற நிறங்களை நாமே முன்கூட்டி வெட்டி எறிந்த மாதிரி. சப்ளிமேஷனுக்கும் (சூட்டில் சாயத்தை ஏற்றும் முறை) துணியில் நேரடியாக அடிக்கும் மெஷின்களுக்கும் பெரும்பாலும் எஸ்ஆர்ஜிபி (ஸ்கிரீன்களுக்கான பொதுவான நிற வரம்பு) ஃபைல்தான் கேட்பார்கள். கடையில் கேட்டுவிட்டு மாற்றுங்கள். ஐபேடின் ப்ரோக்ரியேட் செயலியில் வரைபவர்கள் புது கேன்வாஸ் திறக்கும்போதே, அதைவிட அகன்ற நிற வரம்பான டிஸ்ப்ளே பி3-க்குப் பதில் எஸ்ஆர்ஜிபி எடுத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் ஐபேடுக்கு மட்டுமே தெரிந்த ஒரு சிவப்பை நம்பி வரைந்துகொண்டிருப்பீர்கள்.

மொத்தப் படமும் இருட்டாக வந்திருக்கிறது

நிறம் மாறவில்லை, ஆனால் எல்லாம் ஒரு படி இருட்டு. கோயில் பிரகார நிழலில் இருந்த தூண்கள் எல்லாம் ஒரே கறுப்பாகிவிட்டன. பெரும்பாலும் உங்கள் ஸ்கிரீன் பிரகாசம்தான் காரணம். முழு பிரகாசத்தில் வைத்துவிட்டு வரைகிறோம். தாளுக்குள் விளக்கு கிடையாது.

ஒரு வெள்ளை ஏ4 தாளை ஜன்னலோரம் ஸ்கிரீனுக்குப் பக்கத்தில் பிடியுங்கள். ஸ்கிரீனில் வெறும் வெள்ளைப் பக்கம் திறந்து, இரண்டு வெள்ளையும் ஒன்றுபோலத் தெரியும்வரை பிரகாசத்தைக் குறையுங்கள். இப்போது உங்கள் படத்தைத் திறந்தால், அச்சில் பார்த்த அதே இருட்டு ஸ்கிரீனிலும் தெரியும். அந்த நிலையில் கர்வ்ஸ் (வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி) எடுத்து நடுத்தர நிழல்களை ஏற்றுங்கள். ஆர்ட் பேப்பரைவிட, பூச்சில்லாத சொரசொரப்பான தாள் மையை உறிஞ்சி இன்னும் இருட்டாக்கும். அந்தத் தாளுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே ஏற்ற வேண்டும்.

மங்கல், ஓரங்கள் படிக்கட்டு மாதிரி

கணக்கு எளிது. கையில் பிடித்துப் பார்க்கும் அச்சுக்கு ஒரு இன்ச்சுக்கு 300 பிக்சல். ஏ4 என்றால் 2480-க்கு 3508. டிஜிட்டல் பிரஸ் கடைகளில் புழங்கும் 12-க்கு 18 இன்ச் தாளுக்கு 3600-க்கு 5400. டி-ஷர்ட் மார்பில் 12-க்கு 16 இன்ச் படம் என்றால் 3600-க்கு 4800. இன்ஸ்டாகிராமுக்கென்று 1080 பிக்சலில் சேமித்த படம், இந்தக் கணக்கில் 3.6 இன்ச் அகலத்துக்குத்தான் தாங்கும். ஸ்டிக்கர் போடலாம், போஸ்டர் போட முடியாது.

உங்களிடம் உள்ள ஃபைல் பெரியதாக இருந்தும் மங்கலாக வந்திருந்தால், வாட்ஸ்அப்பைச் சந்தேகப்படுங்கள். போட்டோவாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடும். டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், அல்லது டிரைவ் லிங்க் கொடுங்கள். கடையில் ஃபைல் சேர்ந்ததும் எத்தனை எம்பி, எத்தனை பிக்சல் என்று ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொள்வதில் கூச்சமே வேண்டாம்.

சின்னப் படத்தைத் திறந்து டிபிஐ (இன்ச்சுக்கு எத்தனை புள்ளி) கட்டத்தில் 72-ஐ அழித்து 300 என்று தட்டுவதால் ஒன்றும் நடக்காது. இல்லாத பிக்சல் எங்கிருந்தும் வராது. ஏஐ கொண்டு பெரிதாக்கும் செயலிகள் உண்டுதான். தட்டையான நிறமுள்ள படங்களுக்கு ஓரளவு பரவாயில்லை. நீர்வண்ணத்தில் அவை நீங்கள் போடாத தூரிகைக் கோடுகளைத் தாமாக இட்டு நிரப்புகின்றன. உங்கள் கையெழுத்தை இன்னொருவர் போட்டுக் கொடுத்த மாதிரி இருக்கும். எனக்கு அதில் சம்மதமில்லை. மூல ஓவியம் வீட்டில் இருந்தால் திரும்ப ஸ்கேன் செய்யுங்கள். ஐந்தடி தள்ளி நின்று பார்க்கும் பெரிய கேன்வாஸுக்கு மட்டும் 150 போதும்.

தமிழ் எழுத்து உடைந்துபோயிருக்கிறது

மலைப்பாதையில் ஒரு பேருந்து, கீழே "கொடைக்கானல்" என்று என் கையெழுத்துப் பாணியில் ஒரு ஃபான்ட். வெளிமாநிலத்தில் இருந்த ஒரு நிறுவனத்திடம் 25 டி-ஷர்ட் அடிக்கக் கொடுத்தேன். வந்த சட்டையில் முதல் எழுத்தின் ஒற்றைக்கொம்பு ககரத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய், புள்ளிபுள்ளியாக ஒரு வட்டத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அடுத்த எழுத்தின் இணைக்கொம்பும் அப்படியே. அச்சு அருமை, துணி அருமை, ஊர்ப்பெயரை மட்டும் படிக்க முடியவில்லை. அங்கே தமிழ் தெரிந்தவர் ஒருவரும் இல்லாததால் யார் கண்ணிலும் படவில்லை.

கொம்பும் காலும் எங்கே போய் உட்கார வேண்டும் என்பதை மென்பொருள்தான் தீர்மானிக்கிறது. யூனிகோடில் நாம் "கொ" என்று தட்டினாலும், உள்ளே ககரம் முதலிலும் உயிர்க்குறி அடுத்துமாகத்தான் சேமிக்கப்படுகிறது. அதைப் பிரித்து முன்னும் பின்னும் வைக்கத் தெரியாத பழைய பதிப்பு மென்பொருளில் ஃபைலைத் திறந்தால் எழுத்து சிதறிவிடும். ஃபான்ட் அவர்களிடம் இல்லையென்றால் கட்டம் கட்டமாக வரும். பழைய தட்டச்சு ஃபான்டில் அடித்து, அவர்கள் கணினியில் அது இல்லாவிட்டால் ஆங்கில எழுத்துக் குவியலாக வரும். மூன்றும் வேறு வேறு நோய், மருந்து ஒன்றுதான்: அனுப்புவதற்கு முன் எழுத்தை வடிவமாக மாற்றிவிடுங்கள். இல்லஸ்ட்ரேட்டரில் கிரியேட் அவுட்லைன்ஸ், கோரல்டிராவில் கன்வர்ட் டு கர்வ்ஸ், இன்க்ஸ்கேப்பில் ஆப்ஜெக்ட் டு பாத். மாற்றிய பிறகு அது எழுத்தல்ல, வெறும் கோடு. எந்தக் கணினியாலும் அதைக் கலைக்க முடியாது. பின்னால் திருத்த வசதியாக, மாற்றாத ஒரு பிரதியை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மென்பொருளிலேயே எழுத்து உடைந்து தெரிந்தால், அமைப்புகளில் எழுத்துப் பகுதிக்குப் போய் இந்திய மொழிகளுக்கான வசதியை இயக்குங்கள். அடோபி மென்பொருள்களில் அது பெரும்பாலும் அணைந்தே இருக்கும். எல்லாம் முடிந்ததும், படத்தில் உள்ள எழுத்தை வரையாத இன்னொருவரிடம் காட்டி வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். நம் கண் நாம் எழுத நினைத்ததைத்தான் படிக்கும்.

தங்கம் கறுத்துவிட்டது

இது கையால் வரைபவர்களுக்கானது. தஞ்சாவூர் ஓவியத்தையோ, தங்க வண்ணம் தீட்டிய நீர்வண்ணப் படத்தையோ ஸ்கேனரில் வைத்தால், தங்கம் இருந்த இடமெல்லாம் சேற்றுப் பழுப்பாகவோ கறுப்பாகவோ வரும். ஸ்கேனர் விளக்கின் ஒளி தங்க ரேக்கில் பட்டு வேறு பக்கம் தெறித்துவிடுகிறது, சென்சாருக்கு வருவதில்லை. தஞ்சாவூர் ஓவியத்தில் புடைப்பாக எழுப்பிய வேலைப்பாடு வேறு இருக்கும். மெலிந்த வகை ஸ்கேனர்கள் கண்ணாடியோடு ஒட்டியிருப்பதை மட்டும்தான் கூர்மையாக எடுக்கும். நகை கூர்மையாகவும் முகம் மங்கலாகவும் வந்திருந்தால் அதுதான் காரணம். கல் பதித்த படத்தை ஸ்கேனர் கண்ணாடியில் கவிழ்க்கவும் கூடாது, இரண்டுக்கும் ஆபத்து.

கேமராவில் எடுங்கள். ஓவியத்தைச் சுவரில் நேராக மாட்டி, இரண்டு பக்கமும் 45 பாகையில் ஒரே மாதிரியான இரண்டு விளக்கு. அறையின் மற்ற விளக்குகளை அணைத்துவிடுங்கள். ட்ரைபாட் கட்டாயம், ரா ஃபைலாக (கேமரா பதப்படுத்தாத மூலப் பதிவு) எடுங்கள். இப்படி எடுத்தால் மற்ற எல்லா நிறமும் ஒழுங்காக வந்துவிடும், தங்கம் மட்டும் இன்னும் இருட்டாக இருக்கும். தங்கம் கண்ணாடி மாதிரி, எதிரே இருப்பதைத்தான் காட்டும். எதிரே இருண்ட அறை இருந்தால் இருட்டைக் காட்டும். எதிரே ஒரு பெரிய வெள்ளைத் தெர்மாகோல் பலகையைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்து, கேமராவிலிருந்து தங்கம் மின்னுவது தெரியும்வரை நகர்த்துங்கள். அந்த நிலையில் இரண்டாவதாக ஒரு படம். கணினியில் இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து, இரண்டாவதிலிருந்து தங்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு செய்தும் தாளில் வருவது மஞ்சளும் பழுப்பும் கலந்த தங்கம் போன்ற ஒரு நிறம்தான். மின்னாது. மின்ன வேண்டுமென்றால் ஃபாயில் (மின்னும் மெல்லிய படலம்) அடிக்க வேண்டும். கல்யாணப் பத்திரிகை அடிப்பவர்கள் அன்றாடம் செய்கிற வேலை அது, சிவகாசியில் கேட்டாலும் செய்துகொடுப்பார்கள். தங்கம் வரவேண்டிய பகுதியை மட்டும் தனி லேயராக, சுத்தமான கறுப்பில், வெக்டார் வடிவில் (பிக்சலாக இல்லாமல் கோடாக) கொடுக்க வேண்டும். சன்னமான இழைகளைக் கொஞ்சம் தடிப்பாக்கிக் கொடுங்கள், ஃபாயில் நுணுக்கத்தை அடைத்துவிடும்.

குறைந்த பிரதிகள் என்றால் எனக்குப் பிடித்த வழி வேறு. நல்ல பருத்தித் தாளில் பிரதி எடுத்து, தங்கத்தை ஒவ்வொன்றிலும் கையாலேயே ஒட்டுவேன். இதில் புதுமை ஒன்றுமில்லை. ரவி வர்மா 1894இல் பம்பாயில் தொடங்கிய அச்சகத்தின் ஒலியோகிராஃப் படங்களை (ஓவியத்தின் வண்ண அச்சுப் பிரதிகள்) வாங்கியவர்களில், சரஸ்வதிக்கும் லட்சுமிக்கும் ஜரிகையும் ஜிகினாவும் ஒட்டி அலங்கரித்தவர்கள் உண்டு. கை பட்ட பிரதிக்கு விலையும் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கலாம், வாங்குபவர்களும் மனதாரத் தருகிறார்கள்.

ஓப்பரா பிங்க் என்று ஒரு நீர்வண்ணம் இருக்கிறதே, அது ஸ்கேனில் வெளிறிப்போனால் ஸ்கேனரைக் குறை சொல்லாதீர்கள். அதில் ஒளிரும் சாயம் கலந்திருக்கிறது. அச்சுக்குப் போகும் என்று தெரிந்த படத்தில் அதைத் தவிர்த்துவிடுவது நல்லது.

கோலத்தின் இழை அறுந்துவிட்டது, புள்ளிகளைக் காணோம்

துணிப்பையில் சிக்குக் கோலம் ஸ்கிரீன் பிரிண்ட் செய்யும்போது வருவது. இழை ஒரு பாயின்டுக்கும் கீழே இருந்தால் வலைத்துணியின் கண்ணிக்குள் அது நிற்காது. ஃபிலிமில் இருக்கும், வலையில் பாதி கரைந்திருக்கும், துணியில் விட்டுவிட்டு வரும். இழையை ஒரு பாயின்டுக்கு மேலே வையுங்கள். கறுப்புத் தரையில் துணியின் நிறமே இழையாகத் தெரியும்படி செய்கிறீர்கள் என்றால் இரண்டு பாயின்ட் வேண்டும், சுற்றியுள்ள மை பரவி இழையை விழுங்கும். ஃபைலை உண்மையான அளவில் சாதாரணத் தாளில் அச்செடுத்து, கையை நீட்டிப் பிடித்துப் பாருங்கள். அங்கே கண்ணைச் சுருக்க வேண்டியிருந்தால் துணியில் தெரியாது.

காடாத் துணிப்பை இயல்பாகவே மஞ்சள் கலந்த நிறம். அதில் வெள்ளை விட்டு வரைந்த முகம் காமாலை வந்த மாதிரி இருக்கும், இளநீலம் பச்சையாகத் திரும்பும். அடியில் வெள்ளை மை போடச் சொல்லலாம். அதைவிட, காடாவுக்கென்றே ஒன்றிரண்டு அடர்நிறத்தில் படத்தைத் திரும்ப வரைவது எனக்கு நிறைவாக இருக்கிறது. துணியின் நிறமும் படத்தில் ஒரு நிறமாகச் சேர்ந்துகொள்ளும்.

டி-ஷர்ட்டில் வருபவை

படத்தைச் சுற்றி வெள்ளையாக ஒரு விளிம்பு தெரிகிறதா? டிடிஎஃப் அச்சில் (படத்தை ஃபிலிமில் அடித்து, சூட்டில் அழுத்தித் துணிக்கு மாற்றும் முறை) இது சகஜம். நிறத்துக்கு அடியில் வெள்ளை மை போகிறது. தூரிகையின் மென்மையான ஓரம், ஒளிவட்டம், நிழல் போன்ற அரைகுறையாக ஒளி ஊடுருவும் இடங்களிலும் வெள்ளை விழுந்து பிசிறாகத் தெரியும். படத்துக்குக் கீழே கறுப்பு லேயர் ஒன்று போட்டு, 200 சதவீதம் பெரிதாக்கிப் பார்த்தால் அந்தப் பிசிறு முன்கூட்டியே கண்ணுக்குத் தெரிந்துவிடும். ஓரத்தைக் கூர்மையாக வெட்டுங்கள், அல்லது மென்மையான பகுதியைப் புள்ளிகளாக மாற்றுங்கள். வெள்ளையை ஒன்றிரண்டு பிக்சல் உள்ளே இழுக்கும்படி கடையிலும் சொல்லிவிடுங்கள்.

மார்பில் பிளாஸ்டிக் தாள் ஒட்டிய மாதிரி விறைப்பாக இருக்கிறதா? ஓவியத்தை அப்படியே செவ்வகமாகச் சட்டையில் வைத்திருப்பீர்கள். நம் ஊர் வெயிலில் அதை யாரும் இரண்டாவது முறை போடமாட்டார்கள். கறுப்புச் சட்டையாக இருந்தால், படத்திலுள்ள கறுப்பை நீக்கிவிட்டுத் துணியே கறுப்பாக நிற்கட்டும். காற்றுப் போக வழி கிடைக்கும், படமும் துணியோடு ஒன்றிப்போகும். பின்னணியை எடுத்துவிட்டு உருவத்தை மட்டும் வைத்துப் பாருங்கள். பெரும்பாலான படங்கள் அதற்குப் பிறகுதான் சட்டைக்குப் பொருந்துகின்றன.

நாலு துவைப்பில் வெடிப்பு விட்டால் சூடு போதவில்லை என்று அர்த்தம். ஸ்கிரீன் பிரிண்டில் போடும் சாதாரண பிளாஸ்டிசால் மை 160 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடானால்தான் முழுதாக இறுகும். சாம்பிள் கைக்கு வந்ததும் அச்சை இரண்டு விரலால் இழுத்து விடுங்கள். மை துணியோடு நீண்டு திரும்பினால் சரி, கோடு கோடாகப் பிளந்தால் அப்போதே திருப்பிக் கொடுங்கள். டிடிஎஃப் ஓரம் உரிந்தால், ஃபிலிமை எடுத்த பிறகு இரண்டாவது முறை அழுத்தாமல் விட்டிருப்பார்கள். முதல் துவைப்புக்கு ஒரு நாள் பொறுக்க வேண்டும், உள்பக்கம் வெளியே திருப்பித் துவைக்க வேண்டும், அச்சின் மேல் நேரடியாக இஸ்திரி போடக் கூடாது என்பதை ஒரு சின்னத் தாளில் அச்சடித்து ஒவ்வொரு பார்சலிலும் வையுங்கள்.

பருத்திச் சட்டையில் சப்ளிமேஷன் அடித்து, ஒரே துவைப்பில் நிறம் போய்விட்டது என்றால் அந்த முறையே அங்கே பொருந்தாது. அந்தச் சாயம் ஆவியாகிப் பாலியஸ்டர் இழைக்குள்தான் போய் உட்காரும். பருத்தியில் அதற்கு இடமில்லை. அதில் வெள்ளை மையும் கிடையாது என்பதால் வெளிர்நிறத் துணி மட்டும்தான் ஆகும். இதற்கு நேர்மாறான கோளாறும் உண்டு: சிவப்புப் பாலியஸ்டர் ஜெர்சியில் அடித்த வெள்ளைப் படம் இரண்டு நாளில் ரோஜா நிறமாகும். சூட்டில் துணியின் சாயம் மேலேறி மைக்குள் வந்துவிடுகிறது. குறைந்த சூட்டில் இறுகும் மை, அல்லது சாயத்தைத் தடுக்கும் ஓர் அடிப்பூச்சு கேளுங்கள். திருப்பூரில் இந்த வேலை செய்பவர்களிடம் இதைச் சொன்னால் உடனே புரியும்.

ஓரத்தில் வெள்ளைக் கீற்று, அல்லது கையெழுத்து பாதி வெட்டுப்பட்டது

கட்டிங் மெஷினில் தாள் கட்டாகப் போகும்போது ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் நகரத்தான் செய்யும். நான்கு பக்கமும் 3 மில்லிமீட்டர் படத்தை வெளியே நீட்டி விடுங்கள். கையெழுத்து, முகம், எழுத்து எல்லாம் வெட்டுக்கோட்டிலிருந்து 5 மில்லிமீட்டர் உள்ளே இருக்கட்டும். கேன்வாஸைச் சட்டத்தில் இழுத்து அடிப்பதாக இருந்தால் பக்கத்துக்கு இரண்டு இன்ச் கூடுதல் வேண்டும். கையால் வரையும்போதே ஓரத்தில் இடம் விட்டு வரையப் பழகுங்கள்.

மக்கில் கைப்பிடிப் பக்கம் வெளிறியிருக்கிறது

சூடேற்றும் பட்டை அங்கே சரியாக அணைக்கவில்லை. முக்கியமான உருவத்தைக் கைப்பிடிக்கு அருகே கொண்டுபோகாதீர்கள். படம் இரட்டையாகத் தெரிந்தால் தாள் நகர்ந்திருக்கிறது, இன்னும் இரண்டு இடத்தில் டேப் ஒட்டச் சொல்லுங்கள்.

விற்றபோது நன்றாக இருந்தது, சில மாதத்தில் வெளுத்துவிட்டது

வாங்கியவர் சில மாதம் கழித்து போட்டோ அனுப்புவார். சிவப்பும் மஞ்சளும் போய் நீலம் மட்டும் மிச்சமிருக்கும். ரொம்ப வேதனையான கோளாறு இது, ஏனென்றால் நம்மை நம்பி வாங்கியவர் வீட்டில் நடக்கிறது. பிரதி எடுக்கும்போதே பிக்மென்ட் மையா (நிறத்துகள் கலந்தது), டை மையா (கரைந்த சாயம்) என்று கேளுங்கள். டை மை முதலில் பளிச்சென்று இருக்கும், வெயிலில் சீக்கிரம் போய்விடும். சுவரில் மாட்டுவதற்கு விற்கிறீர்கள் என்றால் பிக்மென்ட் மையும் அமிலம் இல்லாத தாளும் கட்டாயம். நேர்வெயில் படும் சுவரில் மாட்ட வேண்டாம் என்று வாங்குபவரிடம் சொல்லுங்கள். கடற்கரை ஊர்களில் ஈரப்பதத்தால் தாள் சுருளும், பூசணமும் பிடிக்கும். கண்ணாடியும் படமும் ஒட்டாமல் நடுவே மவுன்ட் அட்டை வைத்தால் காற்று இடைவெளி கிடைக்கும்.

அச்சு சரியாக வந்தது, ஆனால் விற்கக் கூடாது என்கிறார்கள்

ஒருவர் காசு கொடுத்து, தன் வீட்டுக்கு ஓர் ஓவியத்தை உங்களை வரையச் சொல்லி வாங்கினார். அதை நீங்கள் காலண்டராக அடித்தீர்கள். அவர் எதிர்க்கிறார். இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, ஓவியத்தின் முதல் உரிமையாளர் பொதுவாக வரைந்தவர்தான். ஆனால் ஒருவர் கேட்டு, விலை கொடுத்து வரையப்பட்ட ஓவியத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், உரிமை அப்படிக் கேட்டவருக்குப் போய்விடும். எத்தனையோ ஓவியர்களுக்கு இது தெரியாது. முன்பணம் வாங்கும்போதே "அச்சுப் பிரதி எடுக்கும் உரிமை ஓவியரிடமே இருக்கும்" என்று எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். ஏற்கெனவே அடித்துவிட்டீர்கள் என்றால் விற்பனையை நிறுத்திவிட்டு அவரிடம் நேரில் போய்ப் பேசி, எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

மற்றவர் ஓவியத்தைத் தழுவி வரைந்திருந்தால், வரைந்தவர் இறந்த அடுத்த ஆண்டிலிருந்து 60 வருடம் உரிமை இருக்கும். 1906இல் மறைந்த ரவி வர்மாவின் ஓவியங்களை யாரும் எடுத்தாளலாம். ஆனால் பழைய காலண்டர் படம் என்பதாலேயே எல்லாமே பொதுச்சொத்து ஆகிவிடாது.

கோடு கோடாக, அல்லது ஒரே இடத்தில் புள்ளி: இது உண்மையிலேயே மெஷின்

படம் முழுக்கச் சம இடைவெளியில் மெல்லிய கோடுகள் ஓடினால் இன்க்ஜெட்டின் மைத்துளை அடைத்திருக்கிறது. எழுத்தின் ஒரு பக்கம் சிவப்பும் மறுபக்கம் நீலமுமாக நிழலடித்தால் நிறங்கள் ஒன்றின்மேல் ஒன்று சரியாக உட்காரவில்லை. ஆஃப்செட்டில் எல்லாத் தாளிலும் ஒரே இடத்தில் வளையம் போன்ற புள்ளி இருந்தால் பிளேட்டிலோ பிளாங்கெட்டிலோ (மையைத் தாளுக்கு மாற்றும் ரப்பர் விரிப்பு) தூசி. வானத்தில் மட்டும் பட்டை பட்டையாக நிறம் மாறினால் அவசரப்படாதீர்கள், அது ஃபைலில் இருந்தே வந்திருக்கலாம். 16 பிட்டில் (நிறப் படிகள் அதிகமுள்ள ஃபைல்) வரைந்து கொஞ்சம் நாய்ஸ் (மணல் போன்ற சின்னப் புள்ளிகள்) சேர்த்தால் அது போய்விடும்.

முதல் மூன்றில் ஒன்று என்று உறுதியானால், கெட்டுப்போன தாளையும் நீங்கள் ஒப்புக்கொண்ட சாம்பிளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பகல் வெளிச்சத்தில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, இரண்டையும் கையிலெடுத்துக்கொண்டு கடைக்கே போங்கள். இன்க்ஜெட்டில் கோடு ஓடுவதுதான் கோளாறு என்றால், "அண்ணா, நாஸில் செக் ஒன்று அடித்துக் காட்டுங்க" என்று கேளுங்கள்; நாஸில் என்பது அந்த மைத்துளைதான். ஒரு நிமிடத்து வேலை. சின்னச் சின்னக் கோடுகளாக ஒரு கட்டம் வரும், எங்கே கோடு விட்டிருக்கிறதோ அந்த மை அடைத்திருக்கிறது. அதை அவரும் நீங்களும் சேர்ந்தே பார்த்துவிட்டால் பேச்சுக்கு இடமில்லை. ஹெட்டைச் சுத்தம் செய்துவிட்டுத் திரும்ப அடித்துத் தருவார்கள். அடிக்கும்போது முதல் தாள் வரும்வரை அங்கேயே நில்லுங்கள், அதைக் கடைக்கு வெளியே வெயிலுக்குக் கொண்டுவந்து பார்த்துவிட்டு மீதியை ஓட்டச் சொல்லுங்கள்.